அம்மாவின் சிட்டையில் மூன்றாவது பத்தி

மதுரையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அடுத்தவர் வரவு செலவைச் சரிபார்ப்பதே பிழைப்பாகிவிட்டதால், ஊருக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்கு என்ற சொல்லே காதில் விழக்கூடாது என்று இருந்துவிடுவேன். சென்ற மாசியில் அடுப்படி மாடக்குழியில் தீப்பெட்டி தேடியபோது, அம்மா அங்கே செருகி வைத்திருந்த நாற்பது பக்கப் பள்ளி நோட்டு ஒன்று கையோடு வந்தது. பிரித்துப் பார்த்தேன். அன்று மாலை மூன்றரை மணிப் பேருந்தைத் தவறவிட்டேன்.

அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பக்கத்தை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மூன்றாகப் பிரித்திருந்தார். முதல் பத்தியில் வந்தது, இரண்டாவதில் போனது. மூன்றாவது பத்தி எதற்கு என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. அதில் கல்லுப்பட்டி, திருமங்கலம், கம்பெனி, மருதை, நம்ம ஊரு என்று ஒற்றைச் சொற்களாக எழுதியிருந்தார். கேட்டபோது, "காசு எங்க போச்சுன்னு உங்கப்பா கேப்பாருல்ல, அதான் போன ஊர எழுதி வச்சிருக்கேன்" என்றார். பற்று வரவேட்டில் இப்படி ஒரு பத்தியை நான் எந்த முதலாளியிடமும் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் டி.கல்லுப்பட்டிக்கும் பேரையூருக்கும் நடுவில், பெரிய சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. கரிசல் காடு. 1895இல் பெரியாறு அணையைக் கட்டி மேற்கே ஓடிய தண்ணீரைக் கிழக்கே திருப்பியபோது அது மேலூருக்கும் வாடிப்பட்டிக்கும் போய்ச் சேர்ந்ததே தவிர, எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சாப்டூர் மலையில் பெய்கிற மழை ஓடை வழியாகக் கண்மாய்க்கு வந்தால் உண்டு, இல்லாவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். பருத்தி, மக்காச்சோளம், குதிரைவாலி ஆகிய மூன்றும்தான் மாற்றி மாற்றி விளையும். 2018இல் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்ததிலிருந்து அப்பா அதைக் குறைத்துக்கொண்டு குதிரைவாலிக்குத் திரும்பினார். இருப்பது இரண்டேகால் ஏக்கர். அதில் முக்கால் ஏக்கரைக் காட்டுப்பன்றிக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாக அவரே சொல்லிக்கொள்வார்.

அந்த மாதத்துப் பக்கத்தில் இருபத்து மூன்று செலவு வரிகள் இருந்தன. மூன்றாவது பத்தியில் 'நம்ம ஊரு' என்று இருந்தவை ஐந்தே ஐந்து. காலையில் வாங்கிய இட்லி, ஒரு மொய், டிராக்டர் உழவு வாடகை, களை எடுத்த பெண்ணுக்குக் கொடுத்த கூலி, கோயில் வரி. மற்ற பதினெட்டு வரிகளும் ஊரைத் தாண்டிப் போயிருந்தன. செல்போன் ரீசார்ஜ், கேஸ், பூச்சிமருந்து, எண்ணெய், சோப்பு, மாத்திரை, குழு லோன் தவணை என்று எல்லாமே வெளியே. கிராமத்தில் வேலை இல்லை, ஆகவே காசு இல்லை என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். வேலை ஓரளவு இருக்கத்தான் செய்கிறது, காசும் வரத்தான் செய்கிறது, ஆனால் வந்த காசு எங்கள் ஊரில் ஒரு ராத்திரிகூடத் தங்குவதில்லை என்பதைத்தான் அந்த நோட்டு காட்டியது.

முதல் பத்திக்கு வருகிறேன். அங்கே மாதந்தவறாமல் வருவது 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15 முதல் வருகிறது. அதற்கு அடுத்து நூறு நாள் வேலைக் கூலி, வந்தால் வந்தது. 2005இல் சட்டமாகி, 2006 பிப்ரவரியில் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கிய இந்தத் திட்டம் பக்கத்துத் திண்டுக்கல்லுக்கும் சிவகங்கைக்கும் முதல் கட்டத்திலேயே வந்துவிட்டது. மதுரை மாவட்டத்துக்கு 2008 ஏப்ரலில்தான் வந்தது. அப்போது ஒரு நாள் கூலி 80 ரூபாய். 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவித்தது 336 ரூபாய். அறிவித்த தொகை அப்படியே கைக்கு வருவதில்லை, வெட்டிய மண்ணை அளந்து பார்த்துத்தான் கூலி போடுவார்கள் என்பதைத் தூர நின்று பேசுகிறவர்கள் கவனிப்பதில்லை.

2008க்கு முன்னால் எங்கள் ஊரில் களை எடுப்புக்குப் போகும் பெண்ணின் கூலியைக் காட்டுக்காரர்தான் முடிவு செய்வார். எவ்வளவு என்று கேட்பதே மரியாதைக் குறைவு. மாலையில் முந்தானையில் முடிந்துகொண்டு வருவதுதான் கூலி, அதை அன்றே பிரித்துப் பார்த்தால் ஆணுக்குக் கொடுத்ததில் பாதிதான் இருக்கும். கண்மாயில் ஒரு வேலை இருக்கிறது, அதற்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, அதுவும் தன் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வருகிறது என்றான பிறகே, "அந்தக் கூலிக்கு வர முடியாதுங்க" என்ற வாக்கியம் எங்கள் ஊர்ப் பெண்களின் வாயிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போகிறவர்களில் பத்துக்கு எட்டுக்கும் மேல் பெண்கள் என்பதில் எனக்கு வியப்பே இல்லை.

இதனால் எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. பருத்தி வெடித்து நிற்கும்போது எடுப்புக்கு ஆள் கிடைக்காமல் அப்பா காட்டுக்கும் வீட்டுக்கும் நடந்து, "அம்புட்டுப் பேரும் கம்மாய்க்குள்ள போயி மரத்தடியில உக்காந்திருக்காக" என்று கரித்துக் கொட்டுவார். அம்மா அதே கண்மாய்க்குத்தான் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருப்பார். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. இரண்டேகால் ஏக்கர் வைத்திருக்கும் அப்பாவால் கூடுதல் கூலி கொடுக்க முடியாமல் போவதற்குப் பருத்தியின் விலைதான் காரணம், பெண்களின் கூலியல்ல. ஆனால் விலையைத் திட்ட அதன் முகவரி தெரியாது, கண்மாயில் உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணுக்கு எதிரே இருக்கிறார்கள்.

ஒரு நாள் நானும் கண்மாய்க்குப் போனேன். ஒன்பது மணிக்குள் வந்தாக வேண்டும். பணித்தளப் பொறுப்பாளர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண், எனக்குத் தங்கை முறை. 2023 ஜனவரியிலிருந்து நாளுக்கு இருமுறை வேலையாட்களைக் குழுவாக நிறுத்திச் செல்போன் செயலியில் படம் எடுத்து ஏற்றினால்தான் அன்றைய வருகை பதிவாகும். கண்மாய்க்குள் டவர் கிடையாது. படத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் கரைமேல் ஏறி, அங்கும் கிடைக்காமல், கலுங்குக்குப் பக்கத்தில் இருக்கும் அய்யனார் கோயில் திண்ணையில் ஏறி, செல்போனைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றது. கீழே முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மண்வெட்டியை ஊன்றியபடி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏறிருச்சா, பாப்பா?" என்று ஒரு பெரியம்மா கேட்க, "சுத்திக்கிட்டே இருக்கு பெரியம்மா" என்றது அது. இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடத்தில் வெட்டப்படாமல் போன மண்ணையும் மாலையில் அளவில் கழித்துக்கொள்வார்களே என்ற எண்ணம்தான் என் கணக்குப்பிள்ளை மூளைக்கு வந்தது.

வேலையே நடக்கவில்லை, வெட்டிய குழியையே திரும்ப வெட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு முழுப் பொய் அல்ல. எங்கள் கண்மாயில் மண் எடுத்த இடத்துக்கும் தண்ணீர் வரும் ஓடைக்கும் தொடர்பே இல்லாமல் இரண்டு ஆண்டுகள் வேலை நடந்தது. மடைக்குத் தண்ணீர் எப்படி வரும், எந்த இடத்தில் வண்டல் தேங்கும் என்பது கண்மாய்த் தண்ணீரைத் திறந்து பாய்ச்சும் நீர்க்கட்டிக்குத் தெரியும். அவரை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. முன்பெல்லாம் கோடையில் கண்மாய் வற்றியதும் ஊரே வண்டி கட்டிக் கரம்பை மண்ணை அள்ளித் தங்கள் காட்டில் கொட்டும். கண்மாயும் ஆழமாகும், காட்டுக்கும் உரமாகும், அதற்குக் கூலியும் கிடையாது. அள்ளிக்கொண்டு போக ஆளும் வண்டியும் இல்லாத காலத்தில் வெட்டிய மண் கரையோரத்திலேயே கிடந்து, அடுத்த மழைக்கு உள்ளேயே இறங்கிவிடுகிறது. இது வேலை செய்த பெண்களின் சோம்பல் அல்ல, எங்கே வெட்டுவது, வெட்டியதை எங்கே போடுவது என்று தீர்மானித்தவர்களின் அலட்சியம்.

கூலி தாமதமாவது வேறொரு துன்பம். 2024 நவம்பர் கடைசியிலிருந்து தமிழ்நாட்டுக்குக் கூலிப் பணம் வராமல் நின்றுபோனது பலருக்கு நினைவிருக்கும். 2025 ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் நிலுவை 1,056 கோடி ரூபாய் என்று இருந்தது. அம்மாவின் நோட்டில் அந்த மாதங்களின் முதல் பத்தியில் 'நூறு நாள்' என்று எழுதி எதிரே எதுவும் எழுதாமல் விட்ட வரிகள் வரிசையாக இருக்கின்றன. அதே பக்கங்களில் இரண்டாவது பத்தியில் மட்டும் ஒரு வரி ஒரு வாரமும் தவறவில்லை. அது குழு லோன்.

இந்தக் குழு லோன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் மதுரை மாவட்டம் பெண்கள் தங்களுக்குள் சேமித்துத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொண்ட களஞ்சியம் இயக்கம் வேரூன்றிய மண். அழகர்கோயில் பக்கத்தில் கூலி வேலை பார்த்துக்கொண்டே அந்தக் குழுக்களைக் கட்டியெழுப்பிய சின்னப்பிள்ளை அம்மாளை 2001இல் தில்லியில் பிரதமர் வாஜ்பாய் குனிந்து வணங்கினார். 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த ஏற்பாட்டில் எனக்குப் பெரிதாகத் தெரிவது, கடனுக்குக் கட்டும் வட்டி குழுவின் பெட்டிக்கே திரும்பி வந்தது என்பதுதான். அம்மா மொழியில் சொன்னால், மூன்றாவது பத்தியில் 'நம்ம ஊரு'.

இப்போது குழு என்றால் வேறு, தனியார் கடன் கம்பெனி சேர்க்கும் குழு. எட்டோ பத்தோ பெண்களைச் சேர்த்து உட்கார வைத்து, ஆதார் அட்டையை வாங்கிக்கொண்டு, முப்பது நாற்பதாயிரத்தைக் கணக்கில் போட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு பையன் பைக்கில் வந்து தலைவி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவான். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும், அதுவரை யாரும் எழுந்து போகக் கூடாது. அவனும் பக்கத்து ஊரில் பி.காம். முடித்த பிள்ளைதான், வசூல் குறைந்தால் அவன் சம்பளம் பிடிக்கப்படும் என்று அவனே என்னிடம் சொன்னான். வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் நூறு நாள் கூலி நான்கு மாதம் வராமல் இருக்கும்போது அந்தப் பெண்கள் எங்கே போய்க் கைமாற்று வாங்குவார்கள் என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் இருக்க முடியாது. உரிமைத் தொகை வரும் நாளையும் தவணை நாளையும் அம்மாவின் நோட்டில் ஒப்பிட்டுப் பார்த்தேன். அரசு கொடுத்த ஆயிரம் ரூபாய் எங்கள் வீட்டில் அதிகபட்சம் ஐந்து நாள் இருந்திருக்கிறது.

வெளியூர் வேலையையும் விட்டுவிட முடியாது. விடிகாலை ஐந்தரைக்கு முக்குரோட்டில் நூல் மில் வேனும், சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலை வேனும் வந்து நிற்கும். ஆண்களில் பாதிப்பேர் முறுக்குக் கம்பெனி என்றும் மிட்டாய்க்கடை என்றும் ஆந்திராவுக்கும் மகாராஷ்டிரத்துக்கும் போனவர்கள். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபின் திருமங்கலம் கடைகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் கூடியிருக்கிறார்கள். போக வர மிச்சமாகும் ரூபாயே ஒரு கூலி உயர்வுதான். அந்தச் சம்பளம் வருவதால்தான் ஊரில் ஓட்டு வீடுகள் காரை வீடுகளாயின. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நானே அப்படி வெளியே போனவன்தான்.

டி.கல்லுப்பட்டியில் 1940இல் தொடங்கப்பட்ட காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. ஜே.சி.குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை அங்கேதான் கழித்தார். 1960இல், காந்தி இறந்த அதே ஜனவரி 30 அன்று, மதுரையில் காலமானார். பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஆண்டுதோறும் எங்களை அங்கே வரிசையாகக் கூட்டிப் போவார்கள். காந்தியப் பெரியவர் ஒருவர் என்பதற்குமேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. அவர் லண்டனில் கணக்கியல் படித்துப் பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் செய்தவர் என்பதை நான் இதே தொழிலுக்கு வந்த பிறகுதான் அறிந்தேன். குஜராத்தில் கேடா மாவட்டத்து மாத்தர் தாலுகாவில் 54 கிராமங்களுக்கு மாணவர்களை அழைத்துக்கொண்டு போய், வீட்டுக்கு வீடு வரவு என்ன செலவு என்ன என்று கேட்டு எழுதியவர் அவர். ஊரிலிருந்து கச்சாப் பொருள் வெளியே போகிறது, செய்பொருளாகத் திரும்பி வருகிறது, நடுவில் உள்ள வேலையும் அதற்கான கூலியும் ஊருக்கு இல்லாமல் போகிறது என்பதை வாழ்நாள் முழுதும் சொன்னார். அவர் இருந்த இடத்திலிருந்து ஆறு கிலோமீட்டரில் என் அம்மா எழுதும் மூன்றாவது பத்தியைப் பார்த்திருந்தால் மனிதர் எழுந்து கைகுலுக்கியிருப்பார் என்று தோன்றியது. இது என் ஆசைதான், இருக்கட்டும்.

குதிரைவாலியை எடுத்துக்கொள்ளுங்கள். புரட்டாசியில் விதைத்துத் தையில் அறுக்கிறோம். அறுத்ததும் களத்துக்கே வியாபாரி வந்து மூட்டைகளை எடை போட்டு ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார். அதே தானியம் உமி நீக்கி, கல் பொறுக்கி, கண்ணாடிப் பையில் அடைபட்டு மதுரையில் என் அலுவலகத்துக்கு எதிரே உள்ள கடையில் குதிரைவாலி அரிசியாக அமர்ந்திருக்கிறது. விலை எங்கள் களத்து விலையைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். உமியும் தவிடும் கழிவாகப் போகிறது என்பதைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் இடைவெளி பெரிதுதான். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று மருத்துவர் சொன்னதால் அதை நான் அரைக் கிலோ வாங்கி ஊருக்கு எடுத்துப் போனேன். அப்பா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம காட்டுக் குருதவாலி மாதிரியே இருக்கேய்யா" என்றார். அவர் கிண்டல் செய்தாரா, உண்மையாகவே சொன்னாரா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

உமி நீக்கும் எந்திரம் ஒன்றை ஊரிலேயே போடலாம் என்று அம்மாவின் பழைய மகளிர் குழுவில் ஏழெட்டுப் பேர் பேசினார்கள். அதற்கு நான்தான் திட்ட அறிக்கை தயாரித்தேன், வேறு என்ன தெரியும் எனக்கு. எந்திரத்துக்கு மும்முனை மின்சாரம் வேண்டும், அதற்குக் கட்டடம் குழுவின் பெயரில் இருக்க வேண்டும் அல்லது வாடகை ஒப்பந்தம் வேண்டும், பூட்டிக் கிடக்கும் பொதுக் கட்டடத்தை வாடகைக்குத் தர ஒரு தீர்மானம் வேண்டும். தீர்மானம் போட வேண்டியவர்கள் அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். வங்கியில் கடனுக்குக் கேட்டபோது, இதே பெண்கள் தனியார் கம்பெனியில் வாங்கிய குழு லோன் அவர்களுடைய கடன் வரலாற்றில் நிற்கிறது, முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள் என்று பதில் வந்தது. நாற்பதாயிரத்தைக் கேள்வி கேட்காமல் கொடுத்த கடன், தொழில் தொடங்கக் கேட்ட கடனுக்குக் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது.

2025 டிசம்பரில் பழைய வேலை உறுதிச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் நிறைவேறியிருக்கிறது. நாட்களை 125 ஆக உயர்த்தியிருக்கிறார்கள், செலவில் 40 விழுக்காட்டை மாநிலம் ஏற்க வேண்டும் என்கிறார்கள், விதைப்பு அறுப்புக் காலங்களில் ஆண்டுக்கு 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கலாம் என்கிறார்கள். அப்பா இந்த அறுபது நாளைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து செய்தி பார்த்தார். அம்மா, "அந்த அறுவது நாளும் உங்க காட்டுல என்ன கூலி?" என்று மட்டும் கேட்டார். அப்பா தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார். என் கட்சி அம்மாவின் கட்சிதான். நாட்களைக் கூட்டுவது நல்லது, ஆனால் மறுக்கும் உரிமையை வருடத்தில் இரண்டு மாதம் கழற்றி வைத்துவிட்டுத் தருகிற நாட்களுக்கு அவ்வளவு மதிப்பில்லை.

எந்திரம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று இந்தத் தையில் அப்பா நான்கு மூட்டையை வியாபாரிக்குப் போடாமல் நிறுத்திவைத்தார். அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் ஒரு மூட்டையைத் திருமங்கலத்துக்கு எடுத்துப் போய் அரிசியாக்கி, ஊருக்குள்ளேயே படி கணக்கில் விற்றிருக்கிறார்கள். சென்ற வாரம் போனபோது நோட்டை நானே கேட்டு வாங்கிப் பார்த்தேன். முதல் பத்தியில் 'அரிசி வித்தது' என்று இருக்க, அதற்கு நேரே மூன்றாவது பத்தியில் 'நம்ம ஊரு' என்று முதன்முறையாக வரவுக்கும் ஊர் எழுதியிருந்தார். அதன் கீழே அரைப்புக் கூலி, திருமங்கலம். அதற்கும் கீழே 'மூட்டைக்கு டிக்கெட்டு' என்று ஒரு செலவு. பெண்களுக்குத்தான் கட்டணம் இல்லை, குதிரைவாலிக்கு உண்டு என்று நடத்துநர் கிழித்துக் கொடுத்திருக்கிறார். அந்த வரியில் மட்டும் மூன்றாவது பத்தி காலியாக இருந்தது.

"இத ஏன்மா விட்டுட்டே?"

"கவருமெண்டு பஸ்ஸுக்கு எந்த ஊருன்னுய்யா எழுதுறது?" என்றார் அம்மா.